ங்க

ஞாயிற்றுக்கிழமை,
கேளம்பாக்கம் போகிற பேருந்து.
மடியில் குக்கர், மூடி தனியே.
கால்மாட்டில்
அடையாறு அடுக்குமாடியில் அள்ளிக்கொடுத்த பை.
பிரித்தால் பதினோரு ஸ்வெட்டர்.
மே மாதம்.
எனக்குக் கட்டணமில்லை என்ற நடத்துனர்
பைக்கு டிக்கெட் கிழித்தார்.

உப்பளம் தாண்டினால் ஏழு தகரக் கூரை.
நாலாவதில் செனுவாரா, வந்து இரண்டு மாதம்.
முன்பு வசித்த ஊர் எது என்று
படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது.
அவளுக்கு நான்கு தேவைப்பட்டன.
மவுங்டோ, குதுப்பாலாங், ஜம்மு, ஐதராபாத்.
கோடு தாண்டி, ஓரத்தில், பொடி எழுத்தில்
இறக்கி எழுதினேன்.

ஸ்வெட்டர்களை அவள் மறுக்கவில்லை.
சாயங்காலத்துக்குள்
மூன்று தலையணை ஆகியிருந்தன.

அணில், ஆடு, இலை என்று
சுவரில் நான் ஒட்டிய அட்டையை
அவள் மகன் யூனுஸ் தலைகீழாக நின்று படித்தான்.
அவளுக்கு அணில் வேண்டாம்.
'எவ்வளவு' வேண்டும்.
'சில்லறை' வேண்டும்.
'இங்கே வலிக்குது' உடனே வேண்டும்.

தெரிந்த தமிழ் ஏதாவது சொல்லேன் என்றேன்.
(நாங்கள் பேசுவது
அவளுடைய அரை இந்தியும் என்னுடைய அரை இந்தியும்.
கூட்டினால் ஒன்று வருவதில்லை.)
முக்காட்டைச் சரிசெய்தாள்.
பரீட்சைக்கு எழுந்து நிற்பவள் மாதிரி சொன்னாள்:
"நாளைக்கு வா."

சுத்தமான உச்சரிப்பு.
ளகரம்கூட வழுக்கவில்லை.
பள்ளிக்கூட ஆபீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு ஜன்னல், கேஸ் கடை
மூன்று இடத்திலும் அதே பாடம் நடத்தியிருக்கிறார்கள்.
வணக்கம் மாதிரி ஏதோ என்று நினைத்தாளாம்.
முதல் வாரம்
ஜன்னலுக்குள் பார்த்துச் சிரித்தபடி
அவளும் பதிலுக்குச் சொல்லியிருக்கிறாள்,
நாளைக்கு வா.

நான் திருத்தினேன்.
தெரியாதவர்களிடம் 'வாங்க'.
கடைசியில் ஒரு 'ங்க' சேர்க்கணும்.
அவள் கேட்டாள்,
அவர்கள் ஏன் சேர்க்கவில்லை?

குக்கர் மூடியில் கேஸ்கட்டைப் பொருத்த ஆரம்பித்தேன்.
அளவு தப்பு.
தெரிந்த பிறகும்
வெகுநேரம் பொருத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு
யூனுஸ் எல்லாவற்றுக்கும் 'ங்க' போட்டான்.
நாய் வாங்க. பஸ் நில்லுங்க.
மழை, கொஞ்சம் பெய்யுங்க.
எதிர்வீட்டில் ஆட்டோ ஓட்டும் குமுதவல்லி
என்னை இவ்ளோ மரியாதையா
எந்தப் பயலும் கூப்பிட்டதில்லடா என்று
அவனை ஏற்றிக்கொண்டு
கோவளம் முக்குவரை சும்மாவே போய்வந்தாள்.

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று.
திங்கள் முதல் வெள்ளிவரை
பாரிமுனையில் ஒரு வங்கியின்
மூன்றாம் எண் கவுண்டர் நான்.

சிமெண்ட் தின்ற கை ஒன்று கண்ணாடிக்கு அடியில் வந்தது.
ரேகை தேய்ந்த விரலை
இயந்திரம் மூன்று முறை மறுத்தது.
நாளைக்கு வாங்க என்றேன்.
'ங்க' இருந்தது, குறையில்லை.
அவர் நகரவில்லை.
"நாளைக்கும் இதே வெரல்தானேம்மா."

எழுந்து, சுற்றி வெளியே வந்து
மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போனேன்.
ஒரு நாள்தான்.
தினமும் செய்கிறேன் என்று எழுதினால் பொய்.

இந்த வாரம் போனபோது
செனுவாரா தள்ளுவண்டிக்காரரிடம்
கத்திரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.
கம்மி பண்ணுங்க. சொத்தை எடுங்க. போங்க, வேணாம். வாங்க, சரி.
நிறுத்தி எடைபோட்ட தமிழ்.
எனக்கு அதில் வேலை இல்லை.
டீ குடித்தேன்.
கேஸ்கட் இந்த முறை சரியாக உட்கார்ந்தது.

கிளம்பினேன்.
தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு
அவள் சொன்னாள்,
"நாளைக்கு வா."

திருத்த வாயெடுத்தேன்.
தப்பாகச் சொன்னவள் முகமாக
அது இல்லை.
குமுதவல்லி ஆட்டோவை உதைத்துக் கிளப்பியபடி
"ஒன்னத்தான் கூப்பிடுறா, காதுல விழல?" என்றாள்.

நாளைக்குத் திங்கட்கிழமை.
லீவு இல்லை.
வரேன் என்றேன்.